அரை வீடு

மூவாயிரம் வீடுகளைப் பெட்டிக்குள் அடைத்து லாரியில் ஏற்றிய மனிதருக்கு, சொந்தப் பெண்டாட்டியின் ஒரே ஒரு சூட்கேஸை அடுக்கத் தெரியவில்லை. சொன்னால் நம்புவீர்களா? நம்பித்தான் ஆகவேண்டும். அந்த ஞாயிற்றுக்கிழமை மேஸ்திரி கூடத்தின் நடுவில் அட்டைப்பெட்டி, டேப், பழைய செய்தித்தாள் என்று கடை பரப்பிக்கொண்டு, கையில் மார்க்கர் பேனாவோடு அரை மணி நேரமாக ஓர் எழுத்துக்கூட எழுதாமல் உட்கார்ந்திருந்தார்.

வீடு மாற்றித் தரும் கம்பெனி ஒன்றில் அவருக்கு இருபத்திரண்டு வருட வேலை. அவருக்குக் கீழே ஆறு பேர். எல்லோருக்கும் அவர் மேஸ்திரிதான். சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் உயிரோடு இருந்தது. ஒரு சமையலறை வாசலில் நின்று சுற்றி ஒரு பார்வை பார்த்து, "பதினாலு பெட்டி" என்பார். பதினாலுதான் ஆகும். பீங்கான் தட்டைப் படுக்க வைக்காதே நிற்க வை, புத்தகத்தைச் சின்னப் பெட்டியில் போடு, தலையணையைப் பெரிய பெட்டியில் போடு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்களே, அது அன்றைக்கு அவருக்கென்றே சொன்ன மாதிரி ஆகிவிட்டது.

அந்த சூட்கேஸோடு கல்லூரிக்குப் படிக்கப் போகிறவள் அவர் மனைவி. வயது நாற்பத்திரண்டு. ஒரு கண் மருத்துவமனையில் பதினேழு வருடமாக நோயாளிகளின் கண்ணில் சொட்டு மருந்து விட்டு, எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்லிக் குறித்துக்கொண்டு, டாக்டர் அறைக்குள் அனுப்பி வைக்கிற வேலை. "பாதி வைத்தியம் நீங்களே பண்ணிடுறீங்க, முறையாப் படிச்சிட்டா என்னம்மா?" என்று டாக்டர் ஒருநாள் விளையாட்டுக்குச் சொன்னார். அந்த விளையாட்டு விண்ணப்பமாகி, நுழைவுத் தேர்வாகி, கடைசியில் ஆறு மணி நேர ரயில் தூரத்தில் ஒரு கல்லூரியில் கண் பரிசோதனைப் படிப்புக்கு இடமாகவே வந்து நின்றது. நாலு வருடப் படிப்பு. முதலாண்டு மாணவிகள் விடுதியில்தான் தங்க வேண்டுமாம். வயதானவர்களுக்கு விலக்கு உண்டா என்று கேட்டு எழுதியதற்கு "இல்லை" என்று ஒரே வார்த்தையில் பதில் வந்தது.

கூடவே ஒரு பட்டியலும் வந்தது. படுக்கை விரிப்பு இரண்டு, தலையணை உறை இரண்டு, வாளி, பூட்டு, மேசை விளக்கு என்று வரிசையாகப் போய், அடியில் கொட்டை எழுத்தில், 'பெற்றோர் தங்கள் பிள்ளையுடன் மனம்விட்டுப் பேசி, தேவையான பொருள்களை முடிவு செய்யவும்' என்று முடிந்திருந்தது.

"இதுல நான் பெற்றோரா, பிள்ளையா?" என்றார் மேஸ்திரி.

"கையெழுத்து நீங்கதான் போடணும். அப்ப நீங்கதான் பெற்றோர்" என்றாள் அவள்.

"சரி பிள்ளை, என்னென்ன வேணும்னு சொல்லு. நான் கட்டிடறேன்."

"தெரியலையேங்க."

"தெரியலைன்னா எப்படி? நம்ம பொண்ணு ஹாஸ்டலுக்குப் போனப்ப ஒரே மணி நேரத்துல கட்டி முடிச்சியே?"

"அது அவளுக்கு. உங்களுக்குக் கட்டியிருக்கேன், அவளுக்குக் கட்டியிருக்கேன். எனக்குன்னு தனியா எப்பங்க கட்டினேன்?"

உடனே மகளுக்கு போன் போட்டார்கள். போன வருடம்தான் படிப்பை முடித்து வேறு ஊரில் வேலைக்குச் சேர்ந்தவள்; நாலு வருடம் விடுதியில் குப்பை கொட்டியவள். கேட்பானேன்? அம்மாவுக்கே வகுப்பெடுக்கிற வாய்ப்பை எந்த மகள் விடுவாள்?

"அம்மா, வாளியெல்லாம் சுமக்காத, அங்கேயே வாங்கிக்கோ. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் மட்டும் மறக்காத. சுவத்துல ஒரே ஒரு பிளக்தான் இருக்கும், அதுக்கு மூணு பேரோட அடிச்சுக்கணும். அப்புறம் காதுல வைக்கப் பஞ்சு. ரூமுக்கு ஒருத்தி நிச்சயம் குறட்டை விடுவா."

"நான்தான்டி குறட்டை விடுவேன்."

"அப்ப அந்த மூணு பேருக்கும் சேத்து வாங்கிட்டுப் போ."

போனை வைத்தபோது மேஸ்திரியின் முன்னால் மூன்று பட்டியல்கள் கிடந்தன. கல்லூரிப் பட்டியலில் இருப்பது மகள் பட்டியலில் இல்லை. மகள் சொன்னது இவர் எழுதியதில் இல்லை. அவருக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது. காரணம் வேறொன்றுமில்லை. அவர் தொழிலில் ஒரே விதி, கதவைச் சாத்தும்போது உள்ளே ஒரு குண்டூசிகூட மிஞ்சக் கூடாது. எதை எடுப்பது, எதை விடுவது என்று மூளையைக் கசக்குகிற வேலையே அங்கே கிடையாது.

ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. மாதத்துக்கு ஒன்றிரண்டு வரும். இரண்டு பேர் வாழ்ந்த வீட்டிலிருந்து ஒருவருடைய சாமானை மட்டும் எடுக்கச் சொல்லி ஆள் அனுப்புவார்கள். மேஸ்திரியின் ஆட்கள் அதற்கு வைத்த பெயர் அரை வீடு. அன்றைக்கு லாரியில் யாரும் பாட்டுப் போட மாட்டார்கள். போகிறவர் திரும்பி வருவாரா, மாட்டாரா என்று மேஸ்திரி பத்தே நிமிடத்தில் சொல்லிவிடுவார். கோபத்தில் போகிறவர் கண்ணில் பட்டதையெல்லாம் அள்ளிக் கட்டுவார். ஆறு வாரத்தில் அதே சாமான் அதே லாரியில் திரும்பி வரும். ஆனால், கொளுத்துகிற வெயில் காலத்தில் நிதானமாகப் பரணிலிருந்து கம்பளியை இறக்கித் தூசி தட்டி மடித்து எடுத்துக்கொள்கிறார் பாருங்கள், அவர் அடுத்த குளிருக்கும் இங்கே இல்லை என்று முடிவு கட்டிவிட்டவர். இந்தக் கணக்கு மேஸ்திரிக்கு ஒரு தடவைகூடப் பொய்த்ததில்லை.

புதன்கிழமை காலை அவருக்கு வேலை இல்லை. அவள் மருத்துவமனைக்குப் போயிருந்தாள். படுக்கையறை மூலையில் சூட்கேஸ் நின்றது. முந்தின நாள் அவளே ஏதோ அடுக்கியிருந்தாள். அடுத்தவர் அடுக்கிய பெட்டியைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அவரால் முடியுமா? கை அரித்தது. திறந்தார். துணிக்கு மேல் செருப்பை வைத்திருந்தாள். "அடக் கொடுமையே" என்று தலையில் அடித்துக்கொண்டு, ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டில்மேல் வைத்தார். செருப்பு, துணி, விளக்கு, விரிப்பு. எல்லாவற்றுக்கும் அடியில், முதல் ஆளாக, கம்பளி கிடந்தது. பரணில் மூட்டைக்குள் கிடந்த கனத்த சாம்பல் நிறக் கம்பளி. வெளியே வெயில் தாரை உருக்கிக்கொண்டிருந்தது.

மேஸ்திரி கூடத்துக்கு ஓடி மூன்று பட்டியலையும் பொறுக்கிக்கொண்டு வந்தார்.

கல்லூரிப் பட்டியலை எடுத்துப் பார்த்தார். கம்பளி இல்லை. மகள் பட்டியலில் இல்லை. அவருடையதிலும் இல்லை. அப்படியானால் இது இவளாகவே யோசித்து வைத்தது. பிறகு என்ன, பயம் வந்த மனசு பழைய கணக்கையெல்லாம் தோண்ட ஆரம்பித்துவிட்டது. மூன்று மாதமாகச் சமையலறை மேசையில் புத்தகத்தோடு உட்கார்ந்தவள், இரண்டு தடவை கூப்பிட்டால்தான் நிமிர்ந்தாள். "நாலு வருஷம் கண்ண மூடித் தெறக்கறதுக்குள்ள ஓடிடும்" என்று யாரிடமோ போனில் சொன்னாள். யாருக்கு ஓடிடும்? இந்த வீட்டில் ஒற்றை ஆளாகத் தட்டைக் கழுவிக்கொண்டிருக்கப் போகிறவனுக்கா? படித்த இடம், புது ஜனம், புது வேலை. லாரி ஆளோடு வந்து இருக்க அதற்கப்புறம் அவளுக்கு என்ன தலையெழுத்து?

நேராகக் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் 'என்னை விட்டுட்டுப் போயிடுவியா' என்று கட்டின பெண்டாட்டியிடம் எந்த வாயால் கேட்பது? மேஸ்திரி கம்பளியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பரணில், ஓடாத மின்விசிறிக்குப் பின்னால் செருகினார். மற்றதையெல்லாம் திரும்ப அடுக்கினார். அடியில் பள்ளம் விழுந்தது. கைப்பழக்கம் சும்மா விடுமா? செய்தித்தாளைக் கசக்கிக் கசக்கிப் பள்ளத்தை நிரப்பி, விரலால் அழுத்திப் பார்த்து, ஆடாமல் அசையாமல் இருக்கிறது என்று திருப்தியான பிறகுதான் மூடினார்.

வியாழக்கிழமை சாயங்காலம் சூட்கேஸை லேசாகத் தட்டிப் பார்த்தார். சத்தம் மாறியிருந்தது. திறந்தால், மேசை விளக்கைக் காணோம். வெள்ளிக்கிழமை படுக்கை விரிப்பு இரண்டும் இல்லை, எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் இல்லை. விளக்கு அலமாரியில் பழைய இடத்தில் உட்கார்ந்திருந்தது. விரிப்புகள் பீரோவுக்குப் போயிருந்தன. கம்பளியைக் காணோம் என்று அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாப்பாடு போட்டாள், சாப்பிட்டாள், தூங்கினாள். மேஸ்திரிக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஒரேயடியாகப் போகிறவர் சாமானைக் கூட்டுவார். திரும்பி வருகிறவரும் கொஞ்சமாவது எடுப்பார். வைத்ததையெல்லாம் வெளியே எடுத்துக்கொண்டு கிளம்புகிற ஆளை அவர் இருபத்திரண்டு வருடத்தில் பார்த்ததில்லை.

சனிக்கிழமை காலை ஒரு வீட்டைக் காலி செய்து முடித்து, லாரிக்குள் உட்கார்ந்து டீ குடிக்கும்போது டிரைவரிடம் மெல்லப் பேச்சைப் போட்டார். டிரைவர் ஆறடிக்கு மேல் உயரம், ஒல்லி. மேல்தட்டுச் சாமானை ஏணியில்லாமல் எடுப்பதால் ஒட்டடைக்கம்பு என்று பெயர் வைத்து, அதையும் ஒட்டடை என்று சுருக்கிவிட்டார்கள்.

"ஒரு அரை வீடுடா. அந்தம்மா முதல்ல சாமான வச்சாங்க. இப்ப ஒவ்வொண்ணா எடுத்து வெளிய வைக்கறாங்க. என்னவா இருக்கும்?"

"புருஷன் எப்படிண்ணே?"

"நல்லவன்தான்."

"நல்லவன்னு யார் சொன்னா? புருஷனா?"

"பேச்சு மாத்தாத. என்ன அர்த்தம்னு சொல்லு."

ஒட்டடை டீயை ஊதிக்கொண்டே யோசித்தான். "இதுல யோசிக்க என்ன இருக்கு? பழசு ஒண்ணுகூட வேணாம், அங்க போய் எல்லாம் புதுசா வாங்கிக்கலாம்னு முடிவு பண்ணிட்டாங்க. போயிட்டாங்கண்ணே, அவங்க போயே போயிட்டாங்க."

மேஸ்திரி மீதி டீயை வெளியே கொட்டினார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

மதியம் வீட்டுக்கு வந்தார். மறுநாள் காலை ரயில். அவள் பின்கட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவர் நேராகப் போய்ச் சூட்கேஸின் கைப்பிடியைப் பிடித்துத் தூக்கினார். தராசு வேண்டாம், அவர் கையே தராசு. நாலு கிலோ. சூட்கேஸே மூன்று கிலோ இருக்கும். அப்படியே தூக்கிக்கொண்டு போய் அவள் எதிரில் வைத்துத் திறந்தார். இரண்டு செட் துணி, ஒரு துண்டு, ஒரு பல்துலக்கி. மற்றபடி அவர் கசக்கி வைத்த செய்தித்தாள்தான்.

"என்னது இது?"

"எது?"

"நாலு வருஷப் படிப்புக்கு நாலு கிலோவா? விளக்கு எங்க? விரிப்பு எங்க? படுத்துக்க என்ன பண்ணுவ?"

"போதும்ங்க. ஒரு வாரத்துக்கு அது போதும்."

"ஒரு வாரத்துக்கா?"

அவள் துணி மடிப்பதை நிறுத்தவில்லை. "நீங்கதானே கம்பளிய எடுத்து வச்சீங்க?"

"எந்தக் கம்பளி?" என்று மேஸ்திரி மென்று முழுங்கினார்.

"பொய் சொல்லக்கூடத் தெரியல உங்களுக்கு. சூட்கேஸுக்குள்ள பேப்பர் கசக்கி வைக்கிற திருடன் இந்த உலகத்துலயே வேற யாருங்க?"

அவருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அவள் குரல் ஏறவில்லை, அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

"அங்க அறிமுகக் கூட்டம்னு போய்ட்டு வந்தேனே, அப்ப நீங்க லோடு ஏத்தப் போயிட்டீங்க. ஒரு பக்கம் பசங்க, ஒரு பக்கம் பெத்தவங்க. வாசல்ல நின்ன பொண்ணு, 'ஆன்ட்டி, நீங்க அந்தப் பக்கம்'னு கை காமிச்சா. நானும் போய் அந்தப் பக்கமே உக்காந்துட்டேன். இல்லம்மா நான்தான் படிக்க வந்தவள்னு சொல்ல வாய் வரல. ரெண்டு மணி நேரம், பிள்ளைங்கள நல்லாப் பாத்துக்கோங்கன்னு அவங்க சொல்லச் சொல்லத் தலைய ஆட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன். பேர் கூப்பிட்டாங்க. எந்திரிச்சேன். மொத்தக் கூட்டமும் திரும்பிப் பாத்துச்சு." அவள் ஒரு சட்டையை மடித்துப் பிரித்து மறுபடி மடித்தாள். "வந்து பரணேறி அந்தக் கம்பளிய இறக்கினேன். யார் சிரிச்சாலும் சரி, குளிர் வர்ற வரைக்கும் அங்க இருந்து காட்டணும்னு ஒரு வீறாப்பு. அதைத்தான் முதல்ல வச்சேன். மறுநாள் பாத்தா கம்பளி இல்ல, பேப்பர் இருக்கு. இவ எங்க குளிர் வரைக்கும் தாங்கப்போறான்னு நீங்க நெனச்சிட்டீங்க. கூடவே இருக்கிற மனுஷனுக்கே நம்பிக்கை இல்லைன்னா, நான் எதுக்குங்க விளக்கு, விரிப்புன்னு ஊர் சிரிக்கச் சுமந்துட்டுப் போய்ச் சுமந்துட்டு வரணும்?"

மேஸ்திரி தரையில் உட்கார்ந்துவிட்டார். அவளை இருக்க வைக்கப் பார்த்து, அவள் காலையே அல்லவா வாரிவிட்டிருக்கிறார். இதைவிட ஒரு மடத்தனம் உண்டா?

"அதுக்கு எடுக்கலடி" என்றார்.

"பின்ன?"

"நீ திரும்பி வரமாட்டியோன்னு எடுத்தேன்."

"எங்கேருந்து?"

"அங்கேருந்துதான்."

அவளுக்குப் புரியவில்லை. அவர் சொன்னார். அரை வீடு, வெயில் காலத்துக் கம்பளி, பத்து நிமிடக் கணக்கு, ஒட்டடை சொன்னது எல்லாவற்றையும் கொட்டினார். கேட்கக் கேட்க அவள் கண் பெரிதாகிக்கொண்டே போனது. கடைசியில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு முடிவதற்குள் கோபம் வந்துவிட்டது.

"இருபத்திமூணு வருஷம் குடும்பம் நடத்தினவள உங்க லாரி கிராக்கியோட சேத்துட்டீங்களா? ஒரு வார்த்தை கேட்டா வாய்ல இருக்கிற முத்து கொட்டிடுமா?"

"கேக்க பயமா இருந்துச்சு."

"என்ன பயம்?"

"ஆமான்னு சொல்லிட்டா?"

அவள் மடித்த துணிகளைத் தள்ளி வைத்துவிட்டு அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அவர் தேய்ந்துபோன தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"நீ இல்லாம இந்த வீட்டுல எனக்கு எப்படி இருக்கும்னே தெரியல. நீ வரணும். ஆனா ஒரு வாரத்துல வரக்கூடாது. முடிச்சிட்டு வரணும்."

"தோத்துட்டு வந்தா?"

"தோத்தா வா. பாடம் புரியலைன்னு வா, வாத்தியார் சரியில்லைன்னு வா. ஆனா அங்க படுக்க விரிப்பு இல்ல, படிக்க விளக்கு இல்லைன்னு மட்டும் நீ வரக்கூடாது. அது எனக்கு அவமானம்."

அவள் முந்தின தடவைபோல் சிரிக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எழுதுங்க" என்றாள்.

மூன்று பட்டியலையும் கிழித்துப் போட்டுவிட்டுப் புதுத் தாளில் எழுதினார்கள். அன்றைக்குத்தான் அவளுக்கு என்ன வேண்டுமென்று அவளுக்கே தெரிந்தது. கிட்டப் படிக்கிற கண்ணாடி இரண்டு, ஒன்று உடைந்தால் இன்னொன்று. முட்டிக்குத் தைலம். மெத்தைக்கு அடியில் போட ஒரு பலகை, முதுகுக்கு. பாட்டுக் கேட்க அந்தச் சின்ன ரேடியோ. "தலைச் சாயம்" என்று சொல்லி நிறுத்தினாள். "சாயம் வேணாம், அடிச்சிடுங்க" என்றாள். அவர் அதன்மேல் ஒரு கோடு இழுத்தார். பஞ்சு மூன்று பேருக்கு. கம்பளியை அவரே பரணேறி இறக்கி, அடியில் முதலில் வைத்தார். பொழுது சாய்வதற்குள் சூட்கேஸோடு மூன்று பெட்டி தயாரானது. மேஸ்திரி தூக்கிப் பார்த்தார். நல்ல கனம்.

மறுநாள் மதியம் விடுதி வாசலில் காவலாளி கையை நீட்டித் தடுத்தார். ஆண்களுக்கு அனுமதி வாசல் வரைக்கும்தானாம். மூவாயிரம் வீட்டுப் படுக்கையறை வரைக்கும் போய்ச் சாமான் இறக்கியவர், பெண்டாட்டியின் பெட்டிகளை வாசற்படியில் இறக்கி வைத்துவிட்டு நின்றார். மேலேயிருந்து மூன்று பெண்கள் தடதடவென்று இறங்கி வந்தார்கள். மகளைவிடச் சின்னவர்கள். ஒருத்தி பெட்டியில் எழுதியிருந்த பெயரைப் படித்துவிட்டு, "அக்கா, நீங்க எங்க ரூம்தானா? கீழ்க் கட்டில உங்களுக்கு விட்டுட்டோம்" என்றாள். இன்னொருத்தி ஒரு பெட்டியை அலாக்காகத் தூக்கினாள்.

"பாத்தும்மா, அடியில கை குடு! கண்ணாடி இருக்கு, சாய்க்காத!" என்று மேஸ்திரி வாசலுக்கு வெளியே நின்று கத்தினார். அந்தப் பெண்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். அவளும் சேர்ந்து சிரித்தாள்.

"அடுத்த மாசம் ஏதோ மூணு நாள் லீவு வருதாமே?" என்றார் அவர், போகட்டும் என்று கேட்கிற மாதிரி. "வந்து கூட்டிட்டுப் போகட்டுமா?"

அவள் வாசலுக்குப் பக்கத்தில் இருந்த அறிவிப்புப் பலகையைத் தள்ளி நின்று பார்த்தாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டப் போய் இன்னொரு தடவை படித்தாள்.

"அது முடிஞ்ச உடனே முதல் பரீட்சை வருதுங்க" என்றாள். "இப்ப எதுவும் சொல்ல முடியாது. பாக்கலாம்."

அவர் முகத்தைக்கூட அவள் பார்க்கவில்லை. இன்னும் பலகையைத்தான் படித்துக்கொண்டிருந்தாள். மேஸ்திரிக்கு, இதைத்தானே நேற்று வாய் கிழியக் கேட்டோம் என்றும் இருந்தது, ஏன்டா கேட்டோம் என்றும் இருந்தது. இரண்டில் எது பெரிது என்று அவருக்குப் பிடிபடவே இல்லை.

"சரி" என்றார். பிறகு, மகளிடம் ஆயிரம் தடவை சொல்லி, மனைவியிடம் இதுவரை ஒருமுறைகூடச் சொல்லாத வார்த்தையைச் சொன்னார். "போய்ப் படி."

அவள் கடைசிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.